சங்குக் காசின் முகக்களை

1954 ஜூலை 3, சனி

காலையிலிருந்தே வயிறு சரியில்லை. சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டுக் கடையைத் திறந்தேன். கடிகாரம் ரிப்பேருக்கு வந்தவர்கள் இரண்டு பேர். பேச்சுக்கு வந்தவர்கள் பத்துப் பேர். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி: நம்ம பாறசாலை திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேருமா, சேராதா? எனக்குத் தெரிந்தால் நான் ஏன் இந்தப் பல்சக்கரங்களோடு மாரடிக்கிறேன்?

மத்தியானத்துக்கு மேல் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் கிருஷ்ணன்குட்டி நாயர் வந்தார். சப் டிரஷரியில் காசாளர். நாள் முழுக்கக் காசைத் தொட்டும் அலுக்காத மனுஷன். சனிக்கிழமை எங்களுக்குப் பழங்காசு பார்க்கும் நாள். கடைப்பலகையைப் பாதி சாத்திவிட்டு, கறுப்புத் துணியை விரித்து, காசை நடுவில் வைப்போம். விளிம்பைத்தான் பிடிக்க வேண்டும். முகத்தில் விரல் பட்டால் நாயர் கையில் அடிப்பார். லென்சில் பார்த்து, அவரவர் துண்டுத்தாளில் தரத்தை எழுதிக் கவிழ்த்து வைத்து, ஒன்றாகத் திருப்புவோம்.

இங்கிலீஷ் புத்தகத்தில் தரத்துக்கு என்னென்னவோ பெயர். எங்களுக்கு எங்கள் பெயர். எழுத்தும் உருவமும் தேய்ந்துபோனது வழுக்கை. உருவம் தெரிந்து உள்வேலை தெரியாதது மங்கல். சங்கின் வரிகளை எண்ண முடிந்தால் தெளிவு. காசடிக்கும் கம்மட்டத்திலிருந்து வெளியே வந்தபடியே, புழங்காமல் இருந்தால் பிறந்தமேனி. இது நிலை. முகக்களை என்பது வேறு கணக்கு; அதற்கு உண்டு, இல்லை என்று மட்டும்தான் எழுதுவோம். தேய்மானமே இல்லாமல் செத்த முழி முழிக்கும் காசும் உண்டு. பாதி தேய்ந்தும் பார்த்த கண்ணை எடுக்க விடாத காசும் உண்டு.

இன்று ஒரு பழைய பணக்காசுக்கு நான் தெளிவு என்றேன். அவர் மங்கல் என்றார். அரைமணி நேரம் சண்டை. காசு அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தமாதிரி பேசுவார். கடைசியில் மங்கல்தான். போகும்போது வழக்கம்போல, "மற்றதை எடும்" என்றார்.

மற்றது என்றால் என் அரை ரூபாய். மூலந்திருநாள் மகாராஜா காலத்து வெள்ளி. ஒரு பக்கம் சங்கு. யாரும் செலவழிக்காமல் எங்கேயோ தூங்கிக் கிடந்து என்னிடம் வந்தது. வெள்ளி கறுத்து, விளிம்பில் நீலம் ஏறி, உள்ளே போகப்போக ஊதா, சங்கின் வாய்ப்பக்கம் செம்பு நிறம். தெரியாதவர் பார்த்தால் அடுப்புக்கரி என்பார். நாயர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். "அழுக்கல்ல, வேதமணியே. நாப்பது கொல்லம் (வருஷத்தைக் கொல்லம் என்பார்) காற்று தடவினதாக்கும்." நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் பிறந்தமேனி என்று எழுதிய ஒரே காசு. தன் பெட்டி முழுவதையும் எடுத்துக்கொண்டு இதைக் கொடு என்று எத்தனை தடவை கேட்டிருப்பார்! நான் கொடுக்கவில்லை.

ஜூலை 17, சனி

மகன் ஜெயதாஸ் நாகர்கோவில் காலேஜிலிருந்து வந்திருக்கிறான். வந்தவன் புத்தகத்தைத் திறக்கவில்லை. நோட்டீஸ் ஒட்டுகிறான், கூட்டம் என்கிறான். இன்று நாயர் இருக்கும்போதே கடைக்கு வந்து, "தமிழ் பேசுற ஊரைத் தமிழ்நாட்டுக்குக் கொடுக்கதுல உங்களுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டுவிட்டான்.

நாயர் முகம் சிவந்தது. அவனிடம் பேசவில்லை, என்னிடம் திரும்பினார். "மோனை அடக்கி வையும். நாளைக்குப் போலீஸ் கையில் அடி வாங்கும்போ என்றெ அடுத்து வரண்டா, கேட்டோ."

எனக்கும் எங்கிருந்தோ ஏறிவிட்டது. "வரமாட்டேன் வே. உம்ம வாசல்ல காலு வச்சா என் பேரு வேதமணி இல்ல."

காசு துணியிலேயே கிடந்தது. தரம் எழுதவில்லை. அவர் குடையை மறந்துவிட்டுப் போனார்.

ஜூலை 24, சனி

வரவில்லை. வரட்டும் என்று நானும் இல்லை. குடையைப் பின்னறையில் மாட்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 9, திங்கள்

காலையில் ஜெயதாஸ் ஊர்வலத்துக்குப் போனான். தடுத்தேன். "அப்பா, ஊரே போகுது, நான் மட்டும் வீட்டுக்குள்ள இருக்கவா?" என்றான். நான் என்ன சொல்ல? இவன் வயதில் நானும் யார் சொல்லையும் கேட்டவன் இல்லை.

சாயங்காலம் ரோட்டு வளைவில் பஸ்ஸைக் கல்லால் அடித்துவிட்டார்கள். டிரைவர் தலையில் காயம். போலீஸ் லத்தியோடு பாய்ந்து கூட்டத்தைக் கலைத்தது. ஓடிவந்தவர்கள் கடை வழியாகத்தான் ஓடினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவன் இல்லை.

விளக்கு வைத்து நேரமாகிவிட்டது. வரவில்லை. என் வீட்டுக்காரி ரத்னபாய் ஜெபம் செய்கிறாள். எனக்கு ஜெபத்துக்கு வாய் வரவில்லை. கர்த்தாவே, அவன் எறிந்திருக்கக் கூடாது. எறிந்திருந்தாலும் பிடிபடக் கூடாது. இப்படியும் ஒரு ஜெபம் உண்டா?

ஆகஸ்ட் 10, செவ்வாய்

உயிர் வந்தது. வெள்ளறடையில் என் தங்கை சுகிர்தபாய் வீட்டில் இருக்கிறானாம். ரப்பர் தோட்டத்து வழியாக நடந்தே போயிருக்கிறான். முட்டியில் தோல் உரிந்ததைத் தவிர ஒன்றுமில்லை என்று ஆள் அனுப்பினாள். "நான் எறியல்ல என்று அப்பாகிட்ட சொல்லணும்" என்று சொல்லிவிட்டிருக்கிறான்.

எறியவில்லை. சரி. எறியவில்லை.

ஆகஸ்ட் 11, புதன்

மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் எத்தனை என்று ஆளுக்கு ஒன்று சொல்லுகிறார்கள். புதுக்கடையிலும் சுட்டார்களாம். ரோடு வெறிச்சோடிக் கிடக்கிறது. என் பிள்ளை மலையோரத்தில் இருக்கிறான் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிறகு அந்தச் சந்தோஷத்தை நினைத்துச் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 14, சனி

இன்று என் தலையில் இடி விழுந்தது.

மனசு ஒரு நிலையில் இல்லை என்று காசுப்பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு காசும் தாள் பொட்டலத்தில், மேலே தரம் எழுதி, வரிசையாக இருக்கும். சங்குக் காசின் பொட்டலத்தை எடுத்தால் — கனம் இல்லை. மடிப்பெல்லாம் ஒழுங்காக மடித்து வைத்திருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

"ரத்னம்!" என்று நான் கத்தியது ரோட்டுக்குக் கேட்டிருக்கும்.

அவள் அடுக்களை வாசலில் நின்று முந்தானையைத் திருகினாள். "கேட்டியளா, கோவப்படாதிய. ஊர்வலத்துக்குப் பிள்ள வெறுங்கையோட போவுது. வீட்டுல சில்லற ஒண்ணும் இல்ல. வெள்ளியாச்சே, வழியில மாட்டிக்கிட்டா எந்தத் தட்டான்கிட்டயும் போட்டா ஒரு நேரத்துக்குத் தின்னலாமேன்னு அவன் துண்டுல முடிஞ்சு விட்டேன்."

"பெட்டியில அத்தன கெடக்கு, அதையா எடுக்கணும்?"

"நல்லதத் தொட்டா நீங்க உயிர விட்டிருவிய. அதனாலதான் கரிபிடிச்சுக் கெடந்த ஒண்ணாப் பாத்து எடுத்தேன்."

கரிபிடித்தது! இருபத்திரண்டு வருஷம் இந்த மனுஷியோடு குடும்பம் நடத்துகிறேன். ஒரு தடவையாவது லென்சைக் கையில் கொடுத்துக் காட்டியிருக்கிறேனா? இல்லை. வெறும் பொட்டலத்தை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

தங்கை மகனை அனுப்பிக் கேட்டேன். துண்டு அவனிடம் இல்லை. லத்தி வீசியபோது ஒரு போலீஸ்காரர் துண்டைப் பிடித்திருக்கிறார். இவன் துண்டை விட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

காசு போனால் போகட்டும் என்று ரத்னபாயிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. காசைப் பற்றியா நான் பயப்படுகிறேன்? போலீஸ் கையில் இருப்பது என் வீட்டுக் காசு.

ஆகஸ்ட் 16, திங்கள்

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சோமன் ஏட்டு வந்து, "ஒண்ணுமில்ல மேஸ்திரி, எஸ்.ஐ. ஒரு காசு காட்டணும்னு சொல்லுகாரு" என்றார். நல்ல மனுஷன். அவர் வீட்டு டைம்பீஸ் என் கடையில்தான் கிடக்கிறது. கடைப்பலகையைச் சாத்திவிட்டு அவரோடு போனேன்.

எஸ்.ஐ. மேசையில் துண்டு. முடிச்சு அவிழ்ந்திருந்தது. பக்கத்தில் என் காசு. ஜன்னல் வெளிச்சம் விழுந்து அந்த நீலம் எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் அதன் முகத்தில் பெருவிரலை அழுத்தி எடுத்தார். என்னையறியாமல் கை நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

"பழைய காசு. இந்தக் கவலையில் (அவர் கவலை என்றால் நாற்சந்தி) இது போலே சாதனம் பெறுக்கி வைக்குந்ந ஆளு நீர் ஒருத்தன்தான். உம்முடையதோ?"

"இல்ல சார்."

"நோக்கிச் சொல்லும்."

லென்சை எடுத்துப் பார்த்தேன். பார்ப்பதுபோல் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். "கறுத்து, தேஞ்சுபோன காசு சார். இதையெல்லாம் நாங்க சேக்கமாட்டோம். ஏதாவது வீட்டுப் பானையில கெடந்திருக்கும்."

அவர் காசைத் துண்டின் மேல் தள்ளிவைத்தார். "மகன் உண்டல்லோ? எங்கே?"

"நாகர்கோவில்ல. படிக்கான்."

"சரி. நான் பச்சையாச் சொல்லுவேன். நாலு கை மாறித் தேஞ்ச காசானால் ஆருடெ துண்டும் ஆகலாம். பொதிஞ்சு வச்சிருந்ந காசானால் அது உம்ம பெட்டியில் நின்று வந்தது, துண்டு உம்ம மகன்றெ. எனக்கு இத்தனை தெரிஞ்சால் போதும். உம்ம சொல்லை மட்டும் நான் எடுக்கணுமோ? நெய்யாற்றின்கரை டிரஷரியிலே காசாளர் ஒருத்தர் உண்டு. காசு நோக்கான் அவரைக் கழிஞ்சுதான் வேறே ஆளு. அவர் எழுதித் தரட்டும்."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். பிறந்தமேனி என்று ஒரு சொல் நாயர் எழுதினால் போதும், பிள்ளை மாட்டிக்கொள்வான். அந்தக் காசை ஒரு தடவை பார்த்தவன் மறக்கமாட்டான். அவர் எத்தனை சனிக்கிழமை பார்த்திருக்கிறார்!

ஆகஸ்ட் 17, செவ்வாய்

போவதா, வேண்டாமா? வாசலில் கால் வைக்கமாட்டேன் என்று வாய்ச்சவடால் விட்டேனே. எலே வேதமணி, உனக்கு வாய்தான் சத்துரு.

ரத்னபாய் சொல்லுகிறாள்: "காலுல விழுந்தாலும் போய் விழுங்க. பிள்ளையவிட ரோசம் பெரிசா?"

ஆகஸ்ட் 18, புதன்

போனேன். டிரஷரி வாசலில், பூவரச மரத்தடியில் நின்றேன். அவர் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தார். என்னைப் பார்த்து நின்றார். குடையைக் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"காசு வந்ததா, நாயரே?"

"வந்நு."

"பாத்தீரா?"

"கண்டு."

பிறகு என் வாய் நிற்கவில்லை. ஜெயதாஸ் இருபது வயசுப் பிள்ளை, படிப்பு போயிரும், ஜெயிலுக்குப் போனால் ரத்னபாய் உயிரோடு இருக்கமாட்டாள் என்று என்னவெல்லாமோ உளறினேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிரைவர் கருணாகரன் என்றெ நாட்டுக்காரனாக்கும். திருப்புறத்துக்காரன். ஆஸ்பத்திரியில் போய்க் கண்டேன். நெத்தியில் தையல். கண்ணு தப்பிச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "மோன் எறிஞ்சானோ?"

"இல்ல."

"உறப்பாணோ?"

"அவன் சொன்னான்."

"அவன் சொன்னது கேட்டேன். உமக்கு உறப்பாணோ?"

உறுதிதான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை? பெற்றவன்தானே நான்?

"வேதமணியே," என்றார், "அந்த மேசையில் நான் இருபது கொல்லம் இருந்நு. கள்ளம் ஒரு வரி எழுதியிட்டில்லா. இனி எழுதுகயுமில்லா." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். வெயில்கூட இல்லை.

முடிந்தது.

ஆகஸ்ட் 19, வியாழன்

அவரைத் திட்டக்கூட முடியவில்லை. இந்தப் பிடிவாதத்துக்காகத்தானே இத்தனை வருஷம் அவர் எழுதிய தரத்தை நான் ஒத்துக்கொண்டேன்? என் காசுக்கு அவர் மங்கல் என்றால் மனசு எரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தால் மங்கலாகத்தான் இருக்கும். இப்போது மட்டும் எனக்காகப் பொய் எழுது என்றால் எப்படி எழுதுவார்? எழுதினால்தான் என்ன? எனக்காக ஒரு தடவை எழுதினால் என்ன குறைந்துவிடும்? உலகம் இடிந்துவிடுமா?

ஒரு வாட்சின் மயிர்க்கம்பியை முறித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, சனி

வெள்ளறடைக்கு ஆள் அனுப்பினேன். அங்கிருந்தும் கிளம்பத் தயாராக இருக்கச் சொன்னேன். எங்கே போவான்? அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

கோயிலில் இராப்போஜனம். நேற்றுவரை சபையில் அப்பத் தட்டை எடுத்துக் கொடுப்பவன் நான். இன்று தட்டு என்னிடம் வந்தபோது நான் அப்பம் எடுக்காமல் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டேன். அதிகாரிக்கு முன்னால் நல்ல காசைத் தேய்ந்த காசு என்று சொன்ன வாய். ரத்னபாய் பார்த்தாள்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

சோமன் ஏட்டு வந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன்.

"மேஸ்திரி, நீரு சொன்னதுதான் சரியாக்கும். டிரஷரியிலருந்து எழுதி வந்தாச்சு. முகமெல்லாம் தேஞ்ச காசு, சேக்கறவன் எவனும் வச்சிருக்கமாட்டான்னு எழுதியிருக்காரு. எஸ்.ஐ. வாசிச்சிட்டு, காசையும் கவரோட பீரோவுக்குள்ள தள்ளிட்டாரு. உம்ம பேரை விட்டாச்சு."

அவர் போனதும் பலகையைச் சாத்திவிட்டு அழுதேன். சத்தமாக அழுதேன்.

எழுதிவிட்டார். எனக்காகக் கள்ளம் எழுதிவிட்டார்!

ஆகஸ்ட் 25, புதன்

இப்போது வேறு பயம். அந்தக் காசு இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. நாளைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு விவரம் தெரிந்தவன் வந்து எடுத்துப் பார்த்தால்? தேய்மானம் எங்கே என்று கேட்பான். சங்கின் வரிகளை எண்ணிக் காட்டுவான். நாயர் வேலை போகும். இருபது வருஷப் பேர் போகும். என் பிள்ளைக்காக அவர் வீட்டில் அடுப்பு அணையும். யாரிடம் போய் இதைச் சொல்ல?

ஆகஸ்ட் 28, சனி

நன்றி சொல்ல டிரஷரிக்குப் போனேன். மேசைக்கு அப்பாலிருந்து, "எதினு நன்றி? கள்ளம் எழுதேல்ல. உள்ளதை எழுதினேன். போம்" என்றார். நாலு பேர் இருக்கிறார்கள் என்று அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முகம் செத்த வீட்டு முகம். என்னோடு இனிமேல் பேச்சு வேண்டாம் என்றுதான் தெரிகிறது. பொய் எழுத வைத்தவன் முகத்தை யாருக்குத்தான் பார்க்கப் பிடிக்கும்?

செப்டம்பர் 11, சனி

ஜெயதாஸ் வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டேன். "மக்கா, என்கிட்டச் சொல்லு. கல்லு எடுத்தியா?"

"எடுத்தேன்" என்றான்.

ரத்னபாய் கையிலிருந்த கரண்டி நின்றது.

"எடுத்தேன்பா. எறியல்ல. டிரைவர் மாமன் தலையப் பிடிச்சிட்டு இறங்கினாரு. கையிலருந்ததக் கீழ போட்டேன். அப்பதான் துண்டப் பிடிச்சாங்க."

அவன் கண்ணைப் பார்த்தேன். நம்புகிறேன். இன்று நாயர் கேட்டிருந்தால் உறுதி என்று சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 2, சனி

துணி விரிக்கவில்லை. லென்சில் தூசி.

டிசம்பர் 25, சனி

நாயர் வீட்டுக்கு வழக்கமாக ஜெயதாஸ் கையில் அப்பமும் முறுக்கும் கொடுத்துவிடுவோம். இந்த வருஷமும் ரத்னபாய் பொதிந்தாள். ஜெயதாஸ் கொண்டுபோனான். அவர் மனைவி விஜயம்மா வாங்கிக்கொண்டாளாம். அவர் உள்ளேயே இருந்தாராம்.

1955 பிப்ரவரி 15, செவ்வாய்

மந்திரிசபை கவிழ்ந்து வேறு மந்திரிசபை வந்துவிட்டது. வழக்குகளை விடப் போகிறார்கள் என்று கடையில் பேச்சு. பேச்சை நம்பி நான் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறேன்!

மார்ச் 3, வியாழன்

சோமன் ஏட்டு டைம்பீஸ் வாங்க வந்தார். பஸ் வழக்கை விட்டுவிட்டார்களாம். எஸ்.ஐ. மாற்றலாகிப் போய்விட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்து மேசையில் போட்டார்.

"புது எஸ்.ஐ. பீரோவ ஒதுக்கச் சொன்னாரு. இதக் குப்பையில போடச் சொன்னாரு. உமக்குத்தான் இந்தப் பழங்காசுப் பிராந்து உண்டே, வச்சுக்கிடும்."

"டிரஷரியிலருந்து வந்த பெறகு யாராவது எடுத்துப் பாத்தாங்களா?"

"ஆரு பாக்கா? அவரு ஒட்டினபடி கெடக்கு."

நாயர் கையால் ஒட்டிய கவர்தான். மேலே அவர் கையெழுத்து. சோமன் போனதும் கறுப்புத் துணியை விரித்து, கவரைக் கிழித்துக் கவிழ்த்தேன்.

வேறு காசு என்று நினைத்தேன். பளபளவென்று வெளுத்துக் கிடந்தது. நீலம் இல்லை. ஊதா இல்லை. லென்சை எடுத்தேன். சங்கின் வரிகள் இல்லை. விளிம்பு மழுங்கியிருந்தது. முகம் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். ஒரு கட்டைவிரல் அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்த கீறல். எழுத்துகளின் குழியில் சிவப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. ஊசி நுனியால் எடுத்துப் பார்த்தேன். செங்கல் பொடி. விளக்குத் தேய்க்கிற செங்கல் பொடி.

சங்கின் வாயருகில் ஒரு சின்னச் சிராய்ப்பு, நான் வாங்கும்போதே இருந்தது. அது மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. என் காசுதான்.

அவர் கள்ளம் எழுதவில்லை. காசைத் தேய்த்து வழுக்கையாக்கிவிட்டு, அதன் பிறகு வழுக்கை என்று எழுதியிருக்கிறார். முகத்தில் விரல் பட்டால் கையில் அடிக்கிற மனுஷன். தன் பெட்டி முழுவதையும் கொடுத்து இதைக் கேட்ட மனுஷன். ஐயோ நாயரே, என்ன வேலை வே செஞ்சீரு! எப்பிடி வே மனசு வந்துது உமக்கு!

இத்தனை மாசமும் அவர் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேனே. அவர் துக்கத்தில் அல்லவா இருந்திருக்கிறார்.

மார்ச் 5, சனி

அவர் வாசலில் கால் வைத்தேன். பேரை மாற்றிக்கொள்ளவும் தயார்.

விஜயம்மா கதவைத் திறந்தாள். நான் காசை எடுத்துக் காட்டினதும் அவளுக்கு என்னவோ புரிந்தது. "அப்போ இதினாணோ? ஓணத்தினு முன்னால் ஒரு காலை, ஓஃபீசினு செங்கல்பொடி பொதிஞ்சு வாங்கிப் போனார். அங்கே விளக்கு உண்டோன்னு கேட்டேன். அந்திக்கு வந்து சோறும் உண்டில்லா. பெருவிரல் தோலு போயிருந்நு."

நாயர் உள்ளிருந்து வந்தார். கையில் காசைப் பார்த்ததும் அங்கேயே நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொண்டார்.

"துணி கொண்டுவந்நோ?"

கொண்டுபோயிருந்தேன். மேசையில் விரித்தேன். அவர் லென்சை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்தோம். திருப்பினோம். அவர் வழுக்கை என்று எழுதியிருந்தார். நான் மங்கல்.

"எந்து மங்கல்?"

"சங்கு வாயில ஒரு அடையாளம் மிச்சம் இருக்குல்லா. பாரும்."

"ஒண்ணுமில்லா. தேச்சது நானல்லே? ஒரு தடவை தேச்சு லென்சு வச்சு நோக்கினேன். தெளிவு நின்றது. பின்னெயும் தேச்சேன். மங்கல் நின்றது. வழுக்கை ஆனப்பின்னெதான் பேனா எடுத்தேன்." இருமிக்கொண்டார். "இப்போ நீர் மங்கல்னு எழுதினா அன்னு நான் எழுதினது கள்ளமாகும். வழுக்கைன்னு எழுதும்."

மங்கலை அடித்துவிட்டு வழுக்கை என்று எழுதினேன். அவர் சரிபார்த்தார்.

முகக்களைக்கு என்ன எழுத என்று கேட்டேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "விஜயம்மே, கஞ்ஞி எடுக்கு. ரெண்டு பேருக்கு" என்றார்.

உண்டு என்று எழுதினேன்.